பதினோரு பேர், ஒரு ஆள்

1

அன்றைய வீடியோ அழைப்பில் இருந்தவர்கள்:

என் அக்கா மாரியம்மாள். ஜீப்பின் முன் சீட்டில், போனைக் கையில் பிடித்தபடி.

டிரைவர் முருகன். அவருடைய இடது காது மட்டும் தெரிந்தது.

பேச்சிக்கா. பின்னால், தலையில் கட்டிய துண்டோடு. அறுபது தாண்டியவர்.

செல்வி. பேச்சிக்காவை ஒட்டி. இருபத்துமூன்று வயது, அந்த ஜீப்பிலேயே இளையவள்.

இன்னும் ஒன்பது பெண்கள். முகம் தெரியவில்லை. சத்தம் கேட்டது.

இந்தப் பக்கம் நான்.

என் மகள் கயல். பதினாறு வயது. கையில் ரொட்டித் துண்டு.

சுருளிப்பட்டியில் காலை ஆறு மணி. ஜீப் மலைக்குக் கிளம்பும் நேரம். இங்கே நியூசிலாந்தில் மதியம் பன்னிரண்டரை. அக்கா ஜீப்பில் ஏறும்போது நான் சாப்பிட உட்காருவேன். பல வருஷமாக எங்களுக்குத் தோதான நேரம் இதுதான். அன்று சனிக்கிழமை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷம் முடிந்த நாள். மனைவி கேசரி கிண்டி வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தாள். அதைச் சொல்லத்தான் அழைத்தேன். அக்கா சொல்லவிடவில்லை.

"ஏலே பாண்டி, ஒரு சோலி இருக்குடா. திங்கக்கிழமையிலருந்து ஆப்புல பேரு இருந்தாத்தான் தோட்டத்துக்கு ஆளு எடுப்பாகளாம். சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. நீ கம்ப்யூட்டர்லதான வேலை பாக்குற? அது என்ன ஏதுன்னு பாரு."

"யாரு போட்ட ஆப்புக்கா?"

"உத்தமபாளையத்துப் பையனாம். படிச்ச பையன். ஆளு நல்லாத்தான் பேசுறான்."

கயல் போனுக்குள் தலையை நீட்டினாள். "அத்தை, ஒரு ஜீப்ல எத்தனை வேலைக்காரிங்க போவீங்க?"

முருகனின் காது திரும்பி முகமானது.

பேச்சிக்காதான் பேசினார். "யாருடி வேலைக்காரி? உங்க அப்பன் வீட்டுல ஏனம் கழுவுறமா நாங்க?"

கயல் என்னைப் பார்த்தாள். என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேலையாளுன்னு சொல்லு, ஆத்தா" என்றாள் அக்கா. "புள்ள இங்கிலீசுக்கார ஊருல வளந்தது, அதை ஏன் பேச்சிக்கா வெரட்டுற?"

"நான் எங்க வெரட்டுனேன்? சொல்லிக் குடுத்தேன்." எல்லோரும் சிரித்தார்கள். "மேட்டுல ஏறிட்டா இறங்குற வரைக்கும் டவர் இருக்காது, பேசி முடிங்க" என்றார் முருகன். அழைப்பு நின்றது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கயல் கேட்டாள். சொன்னேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் அவளுக்குத் தெரியும். அவள் கேசரியைத் தொடவில்லை.

2

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குச் செட்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, மேட்டைத் தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாயத் திரும்புகிறார்கள். ஒரு ஜீப்பில் போகிறவர்கள் ஒரு செட்டு. அதே ஆட்கள், அதே இடம். செட்டை யாரும் கூடிப் பேசி ஆரம்பிப்பதில்லை. ஒருத்தி போவாள், அவள் கொழுந்தியாள் சேருவாள், பக்கத்து வீட்டுக்காரி சேருவாள். ஒரு வீட்டில் காதுகுத்து என்றால் அன்றைக்கு அந்த ஜீப் ஓடாது.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையை ஒட்டிக் காய்க்கும். குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். மழை பெய்யும். அட்டை ஏறும். ஆளுக்கு ஒரு நிரை. நிரை என்றால் ஒருத்தி எடுத்துக்கொண்டே போகும் செடி வரிசை. முதலில் முடித்தவள் உட்கார மாட்டாள். யார் பின்தங்கி இருக்கிறாளோ அவளுடைய நிரைக்குப் போய் மறுகோடியிலிருந்து எடுத்துக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் நடுவில் சந்திக்கும்போது நிரை முடியும். இதை உதவி என்று யாரும் சொல்வதில்லை. அதற்குத் தனியாகப் பேர்கூடக் கிடையாது. அப்படித்தான் எடுப்பது.

பேச்சிக்காவின் நிரையில் தினமும் யாராவது எதிரே வருவார்கள். அவருக்கு இடுப்பு வளையாது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மலை வேலைதான் சோறு.

பத்தாவது முடித்ததும் சில வருஷம் அந்த ஜீப்பை நான் ஓட்டினேன். எனக்குப் பின்னால் முருகன்.

3

நான் எப்படி இங்கே வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி நர்ஸ். அவளுக்குத்தான் இந்த நாடு வேலை கொடுத்தது. அவளோடு நான் வந்தேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

எனக்கு வேலை அனுமதி கேட்டபோது, முன்பு பார்த்த வேலைக்கு முதலாளியின் முத்திரைத் தாளில் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஜீப்புக்கு முதலாளி என் மாமா. அவரிடம் தாளும் இல்லை, முத்திரையும் இல்லை. கடைசியில் ஜீப் ஸ்டாண்டு சங்கத் தலைவர் ஒரு தாளில் எழுதி ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுத்தார். "இவர் நல்லவர். குடிக்க மாட்டார். மேட்டில் ஒருநாளும் வண்டியை உருட்டியதில்லை." அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினோம். அதிகாரி போனில் கூப்பிட்டார். எனக்கு அப்போது ஆங்கிலம் ரொம்பக் கொஞ்சம். உருட்டியது என்றால் என்ன, மலையிலிருந்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒருநாளும் இல்லையா? ஒருநாளும் இல்லை. அனுமதி வந்தது.

நாங்கள் இருக்கும் ஊர் கிவிப் பழம் விளையும் ஊர். திராட்சைப் பந்தல் மாதிரிதான், கொஞ்சம் உயரமாக. பழம் பறிக்கிற ஆட்களைக் காலையில் தோட்டங்களுக்குக் கொண்டுபோகும் வேனை ஓட்டினேன். கடல் தாண்டி வந்தும் அதே வேலை. யாரை எந்த வேனில் ஏற்றுவது என்று தினமும் ஒரு மணி நேரம் பேப்பரில் அடித்து அடித்து எழுதுவார்கள். அதைக் கணினியில் செய்யலாமே என்று தோன்றியது. மகளின் பழைய லேப்டாப்பில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். நூலகத்தில் மாலை வகுப்பு ஒன்று இலவசமாக நடந்தது, அதற்கும் போனேன். நான் எழுதிய நிரல் ஓடியது. தூரம், பெட்ரோல், ஆள் கணக்கு எல்லாம் பார்த்து வேனைப் பிரித்துக் கொடுத்தது. வேன் ஓட்டுவதிலிருந்து எடுத்து என்னை அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள்.

முதல் அறுவடையில் வனுவாட்டுத் தீவிலிருந்து வந்த ஆட்களை என் நிரல் மூன்று தோட்டங்களுக்குப் பிரித்தது. எல்லோரும் ஒரே கிராமம். காலையில் அவர்கள் யாரும் வேனில் ஏறவில்லை. சண்டை போடவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் கத்தினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பேனா எடுத்து, பட்டியலை அடித்து, அவர்களை ஒன்றாகப் போட்டேன். ஏறினார்கள். அன்று சாயங்காலம், ஒன்றாக வந்தவர்களைப் பிரிக்காமல் வைக்க நிரலில் ஒரு கட்டம் சேர்த்தேன். அதற்குப் பெயர் வைக்க வேண்டும். என்ன வைப்பது? செட்டு என்றே வைத்தேன், ஆங்கில எழுத்தில்.

இப்போது எங்களோடு பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களும் அந்தச் சொல்லைத்தான் தட்டுகிறார்கள். செட்டு பிரியக் கூடாது என்று கூட்டத்தில் பேசுகிறார்கள். அது எங்கிருந்து வந்த சொல் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. காதில் விழும்போது நன்றாக இருக்கும்.

4

உத்தமபாளையத்துப் பையனின் பெயர் அஸ்லம். அக்காவிடம் போன் எண்ணை வாங்கிப் பேசினேன். மரியாதையான பையன்.

"அண்ணே, ஸ்டாண்டுல பாத்திருப்பீக. ஒரு பக்கம் பொம்பளையாளுக வேலையில்லாம திரும்பிப் போறாக. இன்னொரு பக்கம் ஆளு இல்லாம காய் செடியிலயே பழுத்து விழுகுது. நடுவுல புரோக்கரு காசு பாக்குறான். ஒரு போனு இருந்தா முடியுற விஷயம்ணே இது."

அவன் சொன்னது சரிதான். அந்தப் புரோக்கர்களை எனக்கும் தெரியும்.

ஆப் இப்படி. ஒவ்வொருத்தியும் பேர், வயது, ஆதார் எண், போட்டோ கொடுத்துப் பதிய வேண்டும். தோட்டத்துக்காரர் எத்தனை ஆள் வேண்டும், கிலோவுக்கு என்ன கூலி என்று போடுவார். ஆப் கூப்பிடும். சாயங்காலம் எடை போட்டதும் யார் எத்தனை கிலோ என்று ஏறும். நிறைய எடுத்தவளுக்கு மறுநாள் முதல் அழைப்பு. கூலி கூடுதலாகத் தரும் தோட்டம் அவளுக்கு.

கயல் பள்ளியில் பொருளாதாரம் படிக்கிறாள். இது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினாள். ஒரு கோடு இறங்கும், ஒரு கோடு ஏறும், நடுவில் வெட்டும்.

"அப்பா, அத்தைக்கு இது நல்லதுதானே? கூலி எங்கே அதிகமோ அங்கே போகலாம். எதுக்கு ஒரே ஜீப்ல ஒரே தோட்டத்துக்குப் போகணும்?"

"கணக்கு சரி."

"அப்புறம் என்ன?"

"பேச்சிக்கா மெதுவா எடுக்கும்."

"அப்போ அவங்களுக்குக் கம்மியா வேலை கிடைக்கும். அது நியாயம்தானே?"

நியாயம் இல்லை என்று வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் தப்பாக ஒன்றும் படிக்கவில்லை. ஆனால் அவள் போட்ட படத்தில் ஜீப் இல்லை. ஒரே நாளில் நாலு தோட்டத்துக்கு நாலு பெண்கள் தனித்தனியாக மேட்டில் ஏறி இறங்குவது எப்படி என்று அந்தக் கோடுகளில் இல்லை. இதையும் அப்போது எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிறு. பன்னிரண்டு பேரையும் கயல்தான் பதிந்து கொடுத்தாள், இங்கிருந்தே, வீடியோவில் ஒவ்வொருத்தராக உட்கார வைத்து. வேலையாள் என்றே பேசினாள். ஒன்பது வயதுக்குப் பிறகு அவள் சுருளிப்பட்டியைப் பார்த்ததில்லை. வா என்றால் பரீட்சை என்பாள், வலைப்பந்து என்பாள். அன்று மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வயசு என்ன, பாட்டி?"

"நீயே பாத்துப் போடு. அம்பதுன்னு போடு."

"அம்பதா?"

"அம்பதுதான். போடுடி."

5

திங்கட்கிழமை ஜீப் கிளம்பவில்லை.

அக்காவுக்கு ஒரு தோட்டம், செல்விக்கு வேறு, இன்னும் இரண்டு பேருக்கு வேறு வேறு. மற்றவர்களுக்கு அழைப்பே வரவில்லை. முருகன் என்னைக் கூப்பிட்டார். "நான் எந்தத் தோட்டத்துக்குண்ணே ஓட்டுறது? ஜீப்பை நாலா அறுக்கவா?"

செல்வி மட்டும் வேறொரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனாள். நல்ல கூலி வாங்கி வந்தாள். மற்றவர்கள் போகவில்லை. கூப்பிட்டு வராதவர்களுக்கு ஆப்பில் மதிப்பு குறையும். செவ்வாயும் அப்படியே. அந்த வாரம் முடிவதற்குள் செல்வியைத் தவிர யாருக்கும் அழைப்பு இல்லை. காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் மாதம் அது. அப்போது வேலை இல்லையென்றால் வருஷத்துக்கே இல்லை. இரண்டு பேர் செங்கல் சூளைக்குப் போகலாமா என்று பேச ஆரம்பித்தார்கள். செட்டு கலைந்தால் மற்றவர்கள் எங்காவது ஒட்டிக்கொள்வார்கள். பேச்சிக்காவைத் தனி ஆளாக எந்தத் தோட்டமும் கூப்பிடாது. அம்பது என்று போட்டாலும் கூப்பிடாது.

"ஏலே, நாங்க என்ன திருடிட்டமா?" என்றாள் அக்கா. "இத்தனை வருசமா போன தோட்டத்துக்கு எங்க பேரு ஆகாமப் போச்சா?"

"நான் வேணும்னா கொஞ்சம் பணம்..."

"வைடா போனை."

அவளே வைத்துவிட்டாள்.

அன்று அலுவலகத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நானும் அஸ்லமும் ஒரே தொழில். பேர், வயது, எண் என்று மூன்று கட்டம் போட்டுக் கேட்கிறோம். கேட்டவுடன் எதிரில் இருப்பது தனி ஆள் ஆகிவிடுகிறது. கேட்பதற்கு முன் அது ஜீப்பாக இருந்தது. நாங்கள் ஒன்றும் பிரிக்கவில்லை, கேட்டோம், அவ்வளவுதான். கயலின் புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கலாம். நான் படித்ததில்லை.

6

பிறகு அக்காவிடமிருந்து மூன்று நாள் பேச்சு இல்லை. நான்காம் நாள் அவளே கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு. நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

எல்லோரும் முருகனின் ஜீப்பில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். பேச்சிக்கா கேட்டார். "ரேசன் கார்டுல என்ன பண்றாக? தலைவர்னு ஒரு பேரு. மத்தவக எல்லாம் அந்தக் கார்டுக்குள்ளதான? ஆளுக்கு ஒரு கார்டா குடுக்குறாக? நம்மதான் தப்பாப் பதிஞ்சிருக்கோம். இதையும் அங்கன மாதிரிப் போடணும்."

யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அரசாங்கம் கேட்டாலும் ஆப் கேட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். முருகனின் போன் அதுவரை பதியாத போன். அதில் புதிதாக ஆரம்பித்தார்கள்.

பேர்: மாரியம்மாள் சுருளிப்பட்டி.

போட்டோவுக்கு எல்லோரும் ஜீப்புக்கு முன்னால் நின்றார்கள். முருகன் எடுத்தார்.

ஆதாரில் நின்றது. அக்காவின் எண் ஏற்கெனவே இருக்கிறது என்று ஆப் திருப்பிவிட்டது. அதனால் அவள் தன் பழைய பதிவை அழித்துவிட்டு அதே எண்ணை இதில் போட்டாள்.

அடுத்தது வயது.

"யாரு வயசைப் போடுறது?"

"பேச்சிக்கா வயசைப் போட்டா செவுத்துல மாலை போட்டுருவான்."

"செல்வி வயசைப் போடு. அவதான் போயிட்டா, வயசையாச்சும் விட்டுட்டுப் போகட்டும்."

இருபத்துமூன்று என்று போட்டார்கள். ஆப் ஏற்றுக்கொண்டது. மறுநாள் காலை அழைப்பு வந்தது. ஒரு ஆள் தேவை.

முருகன் வண்டியை எடுத்தார். பதினோரு பேரும் ஏறினார்கள். தோட்டத்து வாசலில் மலையாளத்துச் சூப்பர்வைசர் போனையும் ஜீப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஒரு ஆளைத்தானே சேச்சி விளிச்சது?"

"ஆமா" என்றாள் அக்கா. "ஒரு ஆளுதான் வந்திருக்கோம்."

"இது பதினொண்ணு உண்டல்லோ."

"கார்டு ஒண்ணுதான சார்? போட்டோவைப் பாருங்க. எல்லாரும் இருக்கோம்."

அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தலையாக எண்ணினார். சரியாக இருந்தது. உள்ளே காய் பழுத்து நிற்கிறது. கதவைத் திறந்துவிட்டார்.

சாயங்காலம் பதினோரு பேர் எடுத்த காயும் ஒரே பேரில் எடை ஏறியது. அடுத்த நாள் காலை, பள்ளத்தாக்கிலேயே முதல் வேலையாள் மாரியம்மாள் சுருளிப்பட்டி. வயது இருபத்துமூன்று. எந்தத் தோட்டம் திறந்தாலும் ஆப் அவளைத்தான் முதலில் காட்டியது. நாலு தோட்டத்துக்காரர்கள் அந்த ஒரு பெண்ணுக்காகக் கூலியை ஏற்றிக்கொண்டே போனார்கள்.

கயல் இதைக் கேட்டுத் தரையில் விழுந்து சிரித்தாள். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு ரொம்ப நாள் ஆயிற்று.

7

அதற்கு அடுத்த வாரம் அஸ்லம் அந்தப் பதிவை நிறுத்திவிட்டான். என்னையும் கூப்பிட்டான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீக. உங்க அக்கா பேருல மோசடி நடக்குது. ஒரு மனுசியால இவ்வளவு கிலோ எடுக்கவே முடியாதுண்ணே."

நான் சிரித்துவிட்டேன்.

"ஏண்ணே சிரிக்கிறீக?"

"தம்பி, நீ அந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கியா?"

"ஆபீசுக்குப் போயிருக்கேன். எடை போடுற எடத்துக்குப் போயிருக்கேன்."

"நிரைக்கு?"

"அங்க போனதில்லண்ணே."

"ஒரு நாள் ஜீப்புல ஏறிப் போ. அதுக்கப்புறம் மோசடின்னு சொல்லு, நானே எங்க அக்காகிட்டச் சொல்லி நிறுத்துறேன்."

போனான். அதற்காக அவனை எனக்குப் பிடிக்கும். படித்தவன் போகத் தேவையில்லை, ஆனாலும் போனான். ஒரு நாளைக்கு மட்டும் பதிவைத் திறந்துவிட்டு, முருகனுக்கும் அக்காவுக்கும் நடுவில் இடுங்கி உட்கார்ந்து போனான். அன்று எனக்கு வேலை முடிகிற நேரத்தில் தோட்டத்திலிருந்தே வீடியோவில் வந்தான். முழங்கால் வரை சேறு. கழுத்தில் அட்டை கடித்த ரத்தம்.

"அண்ணே, யாரு எவ்வளவு எடுக்குறாகன்னு என்னால எண்ண முடியல. ஒரு நிரைக்கு ரெண்டு பக்கமும் ஆளு வருது. எல்லாம் ஒரே சாக்குல கொட்டுறாக. இது யாரு கணக்குல வரும்?"

பின்னாலிருந்து பேச்சிக்காவின் குரல். "எண்ணாத. காயை எடு. நெடுநெடுன்னு வளந்திருக்க, சும்மா நிக்கிற."

"இந்த நிரை யாருதுக்கா?" என்று அக்காவிடம் கேட்டான்.

"நிரைக்கு ஏதுப்பா பேரு?" என்றாள் அக்கா. தலையை நிமிர்த்தவில்லை.

அவன் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினான். "தனித்தனி கிலோன்னு நான் எழுதி வச்சிருக்கேனே, அப்படி ஒண்ணு இங்கன கிடையவே கிடையாதுண்ணே" என்றான்.

அன்றைக்கே என் கட்டங்களை அவனுக்கு எழுதி அனுப்பினேன். அலுவலகத்தின் நிரலை அல்ல, அது அவர்கள் சொத்து. என் கையால் ஒரு தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்பினேன். செட்டு ஒரு ஆள். செட்டுக்குள் ஆட்கள். அழைப்பு செட்டுக்கு. எடை செட்டுக்கு. ஜீப்பின் கொள்ளளவு இவ்வளவு, அதற்கு மேல் ஏற்றக் கூடாது. ஆள் வராத நாள் செட்டே சொல்லும். மதிப்பெண் செட்டுக்கு மட்டும்.

இரண்டு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம், அஸ்லம் அங்கே, நானும் கயலும் இங்கே. என் ஆங்கிலம் இன்னும் நொண்டிதான். அஸ்லமின் நிரலில் புரியாத இடத்தைக் கயல் படித்துச் சொன்னாள். தனியாகப் பதியும் வழியை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவள் விடவில்லை.

"எதுக்கு எடுக்கணும்? செல்வி அக்கா என்ன தப்பு பண்ணாங்க?"

"செட்டை விட்டுப் போச்சுல்ல."

"போகட்டுமே. அவங்களுக்கு அது பிடிச்சிருக்கு. நீங்க ஊரை விட்டு வரலையா, அப்பா?"

அஸ்லம் திரையில் குனிந்து எதையோ தேடுவதுபோல இருந்தான். நான் எழுந்து டீ போடப் போனேன். திரும்பி வந்து, இருக்கட்டும் என்றேன். முதல் கேள்வியாக அதை வைத்தோம்: செட்டாகவா, தனியாகவா?

செல்வி இன்னும் தனியாகத்தான் போகிறாள். நல்ல கூலி வாங்குகிறாள். வண்டி ஒன்று வாங்கியிருக்கிறாள் என்று கேள்வி. அக்காவுக்கு அதில் வருத்தம் உண்டு. கோயிலில் பார்த்தால் பேசிக்கொள்கிறார்கள்.

அக்காவின் செட்டு பழைய தோட்டத்துக்கே போகிறது. பேச்சிக்காவும் போகிறார். நான் அழைக்கும்போது ஜீப் பழைய மாதிரி சத்தமாக இருக்கிறது. ஆப்பில் என்ன செய்தேன் என்று அக்கா கேட்கவில்லை. ரேசன் கார்டு மாதிரி ஆக்கிவிட்டார்கள், அவ்வளவுதான் அவளுக்கு. ஒருநாள் மட்டும் சொன்னாள். "ஏலே, பேச்சிக்காதான் அந்த ஆப்பைக் கண்டுபிடிச்சதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிது. நீ ஒண்ணும் மறுத்துப் பேசாத."

மறுக்க ஒன்றும் இல்லை.

8

இதை எழுதச் சொன்னது கயல். ஆங்கிலத்தில் நான் எழுதுகிறேன், தமிழில் நீங்கள் எழுதுங்கள் என்றாள். அவளுடையது பள்ளிக்கு. இது உங்களுக்கு.

எழுதும்போது அவள் பழைய கேள்விக்கு வந்தாள். மெதுவாக எடுப்பவருக்கு வேலை குறைவது நியாயமா. அன்று எனக்குப் பதில் தெரியாத கேள்வி. இன்றும் சொற்களில் தெரியாது. ஜீப் ஓட்டியவன், நிரல் எழுதுகிறவன். சமூகம் என்றால் என்ன என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பேனாவை வைத்துவிடுவேன். என் அக்கா வாசலில் நின்று ஒரு ஆள்தான் வந்திருக்கிறோம் என்று சொன்னாள். நான் படித்ததெல்லாம் சேர்த்தாலும் அதற்கு மேல் ஒன்றும் எனக்குத் தெரியாது. அவள் என் அக்கா என்பதில் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இதை அவளிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் போனை வைத்துவிடுவாள்.

கயல் சொன்னாள். "நீங்க சொல்ல வேணாம்பா. எண்ணிப் பாக்கலாம்."

அவளே அஸ்லமுக்கு இரண்டு கேள்வி அனுப்பினாள். தமிழில், தட்டுத் தடுமாறி. பள்ளத்தாக்கு முழுவதும் அறுபது வயதைத் தாண்டியவர்களில், தனியாகப் பதிந்த எத்தனை பேருக்கு இந்தப் பருவத்தில் வேலை கிடைத்தது? செட்டில் பதிந்தவர்களில் எத்தனை பேருக்கு? செட்டில் வயதைக் குறைத்துப் போடத் தேவையில்லை என்பதால் பெண்கள் உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள், அதனால் அந்த எண்ணிக்கையை நம்பலாம், தனியாகப் பதிந்தவர்களின் வயதை ஸ்டாண்டில் விசாரித்துக்கொண்டேன் என்று அஸ்லம் பதிலில் எழுதியிருந்தான்.

தனியாகப் பதிந்தவர்களில் ஒருவரும் இல்லை.

செட்டில், எழுபத்து மூன்று.